ஷாக்கா கானும் சாத்தூர் டிக்கெட்டும்

எனக்குக் காபிதான் பிடிக்கும். ஆனால் மூன்று வருஷமாக எங்கள் கேன்டீனில் டீதான் குடித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் ரொம்பச் சின்னது. எனக்கு "டீ" என்று சொல்ல வரும். "காபி" என்று சொல்ல வராது.

வராது என்றால் வரவே வராது என்று இல்லை. அந்த "கா" தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இறங்கு என்றால் இறங்காது. பின்னால் பத்துப் பேர் டோக்கனோடு நிற்பார்கள். கவுன்ட்டரில் இருக்கும் அண்ணன் முகத்தில் முதலில் குழப்பம், அப்புறம் புரிதல், அப்புறம் அந்தப் பார்வை வரும். அந்தப் பார்வையை வாங்குவதற்கு டீயே மேல்.

ஆமாம், எனக்குத் திக்குவாய். என் வகுப்பில் இருக்கிறவர்களுக்கு இது பழைய செய்தி. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லா எழுத்தும் எனக்கு எதிரி இல்லை. உயிரெழுத்துகளோடு ஓரளவு சமாதானம். 'ச', 'ம' எல்லாம் நல்ல பிள்ளைகள். 'க' மட்டும்தான் பரம வைரி. என் பெயர் 'க'வில் தொடங்குகிறது. என் ஊர் கோவில்பட்டி. வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, பெயர் வைத்தபோது எனக்கு வயது பதினாறு நாள். அப்போது நான் யாரிடமும் திக்கவில்லை :-)

பஸ்ஸில் திருநெல்வேலியிலிருந்து ஊருக்குப் போகும்போது கண்டக்டர் "எங்க?" என்று கேட்பார். நான் "சாத்தூர்" என்பேன். சாத்தூர் கோவில்பட்டிக்கு அடுத்த ஊர். பத்துப் பதினைந்து ரூபாய் கூட. டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோவில்பட்டியில் நைசாக இறங்கிவிடுவேன். ஒரு தடவை கண்டக்டர் பார்த்துவிட்டார். "ஏ தம்பி, சாத்தூருக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்க ஏன் இறங்குதே? தூங்கிட்டியா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டேன். நல்ல மனுஷன். என்னை ஏமாளி என்று நினைத்திருப்பார்.

சரி, இன்றைக்கு எழுத வந்தது ஒரு பாட்டைப் பற்றி. இந்தச் சாத்தூர் டிக்கெட் புராணம் இல்லாமல் அந்தப் பாட்டு எனக்கு என்ன செய்தது என்று சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வளவு முன்னுரை.

போன செமஸ்டரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஹாஸ்டல் மூன்றாவது மாடி வராந்தாவில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். என் ரூம்மேட்டுக்குப் பழைய அமெரிக்கப் பாட்டுப் பைத்தியம். புளூடூத் ஸ்பீக்கரில் ஒன்று மாற்றி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு பாட்டு தொடங்கியது. தொடக்கத்தில் இசையே இல்லை. ஒரு ஆண் குரல் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்கிறது. முழுதாகச் சொல்லவில்லை. பெயரின் முதல் துண்டு வந்து வந்து மாட்டிக்கொள்கிறது, திரும்பத் திரும்ப அதே துண்டு, அப்புறம்தான் முழுப் பெயர். மறுபடி துண்டு, மறுபடி பெயர்.

வராந்தாவில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருத்தன் சிரிப்பை அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. "மாப்ள, உனக்குன்னே பாட்டு போட்டிருக்கான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதில் எனக்குப் பதினைந்து வருஷ அனுபவம். எப்போது சிரிக்க வேண்டும், எவ்வளவு சிரிக்க வேண்டும், எப்போது தண்ணீர் பிடிக்கப் போகிற மாதிரி எழுந்து போக வேண்டும் எல்லாம் தெரியும். எழுந்தும் விட்டேன்.

அதற்குள் டிரம்ஸ் விழுந்தது. அடியில் ஒரு கொழுத்த பேஸ். மேலே ஒரு மவுத் ஆர்கன், யாரோ தெருவில் ஓடிக்கொண்டே வாசிக்கிற மாதிரி. அப்புறம் அந்தப் பெண் பாட வந்தார். என்ன ஒரு குரல்! சிரித்துக்கொண்டிருந்தவன் எழுந்து ஆட ஆரம்பித்தான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இன்னொருத்தன். நான் பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு முடிகிற வரைக்கும் நின்றேன். பாட்டு நடுவில் அந்தப் பெயர் மறுபடியும் மறுபடியும் திக்கித் திக்கி வந்தது. இப்போது யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தத் திக்கலுக்கே தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி இயர்போனில் அந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை.

பாட்டின் பெயர் 'ஐ ஃபீல் ஃபார் யூ'. வந்த வருஷம் 1984. பாடியவர் ஷாக்கா கான். (தமிழில் எழுதும்போது கொஞ்சம் அசந்தால் 'சாகா கான்' ஆகிவிடும். அதுவும் பொருத்தம்தான்.) 1953-ல் பிறந்த, சிகாகோவில் வளர்ந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகி. எழுபதுகளில் ரூஃபஸ் என்ற ஃபங்க் குழுவில் பாடிப் பெயர் வாங்கியவர். சொந்தப் பெயர் இவெட் மேரி ஸ்டீவன்ஸ். ஷாக்கா என்பது டீன் ஏஜில் சூட்டிக்கொண்ட ஆப்பிரிக்கப் பெயர், கான் என்பது முதல் கணவருடைய பெயர். இதைப் படித்தபோது ஒரு நிமிஷம் பொறாமையாக இருந்தது. நானும் பத்தாவது படிக்கும்போது பெயரை 'அ'வில் தொடங்குகிற மாதிரி மாற்றிக் கெஜட்டில் போடலாமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். ஜாதகத்தைக் காட்டி மறுத்துவிட்டார்.

பாட்டை எழுதியவர் ஷாக்கா கான் இல்லை. அது பிரின்ஸ் எழுதியது. 1979-ல் 'பிரின்ஸ்' என்றே பெயர் வைத்த தன் இரண்டாவது ஆல்பத்தில் அவரே பாடியிருக்கிறார். அப்போது அவருக்கு 21 வயது. நம் ஃபைனல் இயர் வயது. அந்த வயதில் பாட்டு எழுதி, எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து, தானே தயாரிக்கவும் செய்தார். (நான் இன்னும் மினி புராஜெக்ட்டில் மூன்று பேரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.) 2016-ல் அவர் இறந்த பிறகு, 2019-ல், இந்தப் பாட்டின் ஆரம்பகால டெமோ ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரும் அவர் குரலும் மட்டும். தேடிக் கேளுங்கள்.

பிரின்ஸ் பாடியது எனக்குப் பிடிக்கும். கீச்சென்ற ஃபால்செட்டோவில், கூச்சத்தோடு, தனக்குள்ளேயே பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். என் மண்டைக்குள் நான் பேசுவது இப்படித்தான் இருக்கும். மண்டைக்குள் நான் ஒரு நாளும் திக்கியதில்லை. அங்கே நான் பட்டிமன்ற நடுவர். ஆனால் பிரின்ஸ் பாட்டில் அந்தப் பெண்ணுக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று சந்தேகம் வரும். ஷாக்கா கான் பாடினால் அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

நடுவில் 1982-ல் பாயிண்ட்டர் சிஸ்டர்ஸ் இதைப் பாடினார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. கடந்து போவோம்.

1984 பதிவின் தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின். இஸ்தான்புல்லில் பிறந்து, ஜாஸ் மேல் ஆசைப்பட்டு அமெரிக்கா போய், அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸில் பெரிய ஆளானவர். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஃபங்க் என்றால் எழுபதுகளில் பத்துப் பேர் கொண்ட குழு: டிரம்பெட், சாக்ஸஃபோன், பேஸ் கிட்டார், வியர்வை. எண்பதுகள் வந்தபோது அந்த இடத்தில் சிந்தசைசரும் டிரம் மெஷினும் உட்கார்ந்துகொண்டன. பேஸ் கிட்டாரின் வேலையை சிந்தசைசர் பார்த்தது. ஊதுகுழல்கள் வாசித்ததை விசைப்பலகை வாசித்தது. இதைத்தான் சிந்த் ஃபங்க் என்கிறார்கள். மார்டின் இந்தப் பாட்டுக்கு மெஷின் தெரிந்த இளைஞர்களைக் கூட்டி வந்தார். சிந்தசைசருக்கு 'தி சிஸ்டம்' என்ற இரட்டையர் குழுவின் டேவிட் ஃப்ராங்க். ராப் சொல்ல மெல்லி மெல். ராப் அப்போது நியூயார்க் தெருக்களிலிருந்து வானொலிக்கு வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. ஒரு பெரிய பாடகியின் காதல் பாட்டில் ராப்பை நுழைப்பது அன்றைக்குப் புதுசு.

மவுத் ஆர்கன் வாசித்தது யார் தெரியுமா? ஸ்டீவி வொண்டர். அதற்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. பாட்டின் நடுவே ஒரு சின்னப் பையனின் கூவல் கேட்கும். அதுவும் ஸ்டீவி வொண்டர்தான்! 1963-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'ஃபிங்கர்டிப்ஸ்' என்ற அவருடைய மேடைப் பதிவிலிருந்து துண்டை வெட்டி இதில் சேர்த்திருக்கிறார்கள். ஆக 34 வயது ஸ்டீவி மவுத் ஆர்கன் ஊதுகிறார், அவரே சிறுவனாகக் கூவுகிறார், இரண்டும் ஒரே பாட்டில். எனக்கு இதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கும்.

இந்தப் பாட்டின் சந்தோஷத்தில் பாதி அந்த மவுத் ஆர்கனில் இருக்கிறது என்பது என் கட்சி. மற்றதெல்லாம் மெஷின். மெஷினுக்கு மூச்சு வாங்காது. டிரம் மெஷின் ஐந்தே முக்கால் நிமிஷமும் ஒரே மாதிரி அடிக்கும். மவுத் ஆர்கனோ மூச்சை வெளியே விட்டாலும் சத்தம் தரும், உள்ளே இழுத்தாலும் சத்தம் தரும். மூச்சு வாங்குவதே இசையாகிற வாத்தியம் அது. எனக்குச் சின்ன வயதில் ஸ்பீச் தெரபி கொடுத்த அக்கா முதல் மாசம் முழுக்கச் சொன்னது ஒன்றுதான்: "பேச்சைப் பத்தி யோசிக்காத, மூச்சைப் பாரு". அப்போது எரிச்சலாக இருந்தது. ஸ்டீவியைக் கேட்ட பிறகு அந்த அக்காவிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது திக்கலுக்கு வருகிறேன்.

அந்த ஆரம்பத் திக்கல் திட்டமிட்டது இல்லையாம். மெல்லி மெல் ஒழுங்காகத்தான் சொன்னார். அதை மெஷினில் ஏற்றி வைத்திருந்தபோது தன் கை தவறி, பெயர் துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப ஒலித்தது என்று மார்டினே சொல்லியிருக்கிறார். கேட்டார், பிடித்திருந்தது, அப்படியே வைத்துவிட்டார். கை தவறியதுதான் அந்தப் பாட்டின் அடையாளமாகவே ஆனது. அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 3-ஆம் இடம், ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம், இங்கிலாந்திலும் முதலிடம். 1985-ல் கிராமி விருதுகள் இரண்டு: பாடியதற்கு ஷாக்கா கானுக்கு ஒன்று, எழுதியதற்கு பிரின்ஸுக்கு ஒன்று.

ஷாக்கா கானுக்கு இது முதலில் பிடிக்கவே இல்லை. தன் பெயரே தன் பாட்டில் இப்படி உடைந்து உடைந்து வருவதைக் கேட்டுக் கூசிப்போனதாகப் பின்னால் பேட்டிகளில் சொன்னார். போகிற இடமெல்லாம் ஆட்கள் எதிரே வந்து அவர் பெயரை அதே மாதிரி திக்கிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

அம்மா தாயே, அந்த அனுபவம் எனக்கும் உண்டு. ஏழாவது படிக்கும்போது அட்டென்டன்ஸ் எடுக்கும் நேரத்தில் என் முறை வந்தால் பின் பெஞ்சிலிருந்து என் பெயர் துண்டு துண்டாக வரும். ஒரு சார், பெயர் வேண்டாம், அவரும் ஒரு நாள் அப்படியே கூப்பிட்டார். வகுப்பே அதிர்ந்தது. நான் அன்றைக்கு "உள்ளேன் ஐயா" சொல்லவில்லை. ஆப்சென்ட் போட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு ஆப்சென்ட்! வீட்டில் ஆச்சி வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவாள். தமிழ் ஐயா கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசிய கிரேக்கப் பேச்சாளன் கதையைச் சொன்னார். கூழாங்கல்லையும் முயற்சி செய்தேன். ஒன்றை விழுங்கியதுதான் மிச்சம்.

சினிமாவில் திக்குவாய் என்றாலே காமெடி டிராக், இல்லாவிட்டால் வில்லன். 1993-ல் வந்த 'டர்' படத்தில் ஷாருக் கான் கதாநாயகியின் பெயரைத் திக்கிச் சொல்வதை இன்றைக்கும் மிமிக்ரி செய்கிறார்கள். மேல்நாட்டு ராக் பாட்டுகளிலும் திக்கல் உண்டு. 1965-ல் 'தி ஹூ' குழுவின் 'மை ஜெனரேஷன்' இருக்கிறது. 1974-ல் பாக்மன்-டர்னர் ஓவர்டிரைவ் குழுவின் ஒரு ஹிட் பாட்டில் ராண்டி பாக்மன் திக்கித் திக்கிப் பாடியது, திக்குகிற தன் அண்ணன் தம்பிகளில் ஒருவரைக் கிண்டல் செய்வதற்காக. நிஜமாகவே திக்கியவர்களும் பாடியிருக்கிறார்கள். பில் விதர்ஸ் 28 வயது வரை திக்கினார். ஸ்கேட்மேன் ஜான் தன் திக்கலையே பாட்டாக்கி 1995-ல் உலகம் முழுக்க ஹிட் கொடுத்தார். பாடும்போது பெரும்பாலான திக்குவாய்க்காரர்களுக்குத் திக்காது. எனக்கும் திக்காது. அடுத்தவர் குரலில் பேசினாலும் திக்காது. நான் கேப்டன் விஜயகாந்த் மாதிரி பேசினால் ஒரு எழுத்து தடுக்காது. ஒரு தடவை கேப்டன் குரலில் காபி கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

இந்த இடத்தில் பிரின்ஸ் பற்றி ஒரு கதை. எழுபதுகளின் கடைசியில் பிரின்ஸ் ஒரு நாள் ஷாக்கா கானுக்கு ஃபோன் செய்து, அப்போது பெரிய ஃபங்க் நட்சத்திரமான ஸ்லை ஸ்டோனின் குரலில் பேசி, ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னாராம். இவரும் நம்பிப் போனால் அங்கே ஒரு ஒல்லிப் பையன் கிட்டாரோடு இருக்கிறான். "நான்தான் கூப்பிட்டேன்" என்றானாம். ஷாக்கா கான் கோபத்தில் திரும்பி வந்துவிட்டார். இதை அவரே பல இடங்களில் சொல்லிச் சிரித்திருக்கிறார். தன் குரலில் கூப்பிடத் தைரியம் இல்லாமல் அடுத்தவர் குரலை வாங்கிக்கொண்ட பையன் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அது வெறும் குறும்பாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பையனைத் தெரியும்.

பாட்டின் தலைப்பையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் "ஐ ஃபீல் ஃபார் யூ" என்று சாதாரணமாகச் சொன்னால் "உன் நிலைமை புரியுது, பாவம்" என்று அர்த்தம். நம் ஊரிலும் "ஃபீல் பண்ணாத மச்சி" என்றால் வருத்தப்படாதே என்றுதானே அர்த்தம்? ஃபீலிங் என்றாலே சோகம். பிரின்ஸ் அந்த வார்த்தையை எடுத்துத் தலைகீழாக்கிவிட்டார். இந்தப் பாட்டில் அது பரிதாபம் இல்லை. உன்னைப் பார்த்தால் எனக்கு என்னவோ ஆகிறது, ஆசையாக இருக்கிறது, ஒளிக்கத் தெரியவில்லை என்கிற ஆனந்தம். இந்த ஆசையில் உடம்பின் பங்குதான் பெரிது என்றுகூட வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிற பாட்டு. வாழ்நாள் முழுக்க நான் வாங்கியது முதல் அர்த்தத்தில் உள்ள ஃபீலிங். "பாவம், நல்லாப் படிக்கான், பேச்சு மட்டும்தான்..." என்று கல்யாண வீடுகளில் சித்திகள் இழுப்பார்கள். கேன்டீன் அண்ணனின் பார்வையும் அதுதான். கிண்டல்கூடப் பரவாயில்லை, திருப்பி அடிக்கலாம். பரிதாபத்தைத் திருப்பி அடிக்க முடியாது.

ஒரு பெண்ணின் பெயர் உடைந்து உடைந்து வருகிறது, அதைக் கேட்டு யாரும் பாவம் என்று சொல்லவில்லை, எல்லோரும் ஆடுகிறார்கள். வராந்தாவில் பக்கெட்டோடு நின்றபோது என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான் என்று பிறகு புரிந்தது. ஒருவர் பெயரைச் சொல்ல முடியாமல் ஒரு குரல் தவிக்கிறது. அந்தத் தவிப்பு ஆசையின் சத்தமாகக் கேட்கிறது. அந்தப் பெயர் எப்போது முழுதாக வரும் என்று எல்லோரும் தாளத்தோடு காத்திருக்கிறார்கள், வந்ததும் குதிக்கிறார்கள். எனக்காகக் காத்திருப்பவர்கள் முகத்தை நான் எப்போதும் பயந்துதான் பார்த்திருக்கிறேன். இப்படியும் காத்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மிகைப்படுத்தவில்லை. மெஷின் திக்குவது வேறு, நான் திக்குவது வேறு. மெஷின் ஒவ்வொரு துண்டையும் ஒரே அளவில் வெட்டித் தாளத்துக்குள் வைக்கிறது. என் திக்கல் தாளத்துக்கு வராது. பாதி நேரம் சத்தமே வராது, வாய் மட்டும் திறந்திருக்கும். அதை வைத்து யாரும் ஆட முடியாது. தெரபி அக்கா தொடையில் தட்டிக்கொண்டே ஒவ்வொரு அசையாகப் பேசச் சொல்வார். அப்படிப் பேசினால் திக்காது, ஆனால் ரோபோ மாதிரி இருக்கும். பஸ்ஸில் தொடையைத் தட்டிக்கொண்டு ஊர் பெயர் சொன்னால் என்ன நினைப்பார்கள்? ஒரு பாட்டைக் கேட்டுத் திக்குவாய் போய்விட்டது என்று முடிக்க இது பக்தி மலர் இல்லை. போகவில்லை. இந்த வாரம்கூட வைவாவில் "கபாசிட்டர்" என்ற சொல்லோடு அரை நிமிஷம் மல்லுக்கட்டினேன்.

ஆனால் ஒன்று நடந்தது. எங்கள் வராந்தாவில் அந்தப் பாட்டு வாராந்திரப் பாட்டாகிவிட்டது. சனிக்கிழமை ஆனால் யாராவது போடுவார்கள். போன மாசம் ஒரு நாள் பாட்டு தொடங்கியதும் அந்தப் பழைய சிரிப்புக்காரன் ஷாக்கா கான் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டு, துண்டு துண்டாக, தாளத்தோடு சொன்னான். பின் பெஞ்சிலிருந்து வந்த அதே சத்தம்தான். மற்றவர்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். ஒரு விநாடி எனக்கு ஏழாம் வகுப்பு வந்து போனது. அடிக்கலாமா ஆடலாமா என்று தெரியவில்லை. ஆடினேன். மோசமாக ஆடினேன். இப்போதும் அது கிண்டலா பாசமா என்று முழுதாகத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். ஷாக்கா கானும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் முடிவு செய்திருப்பார் என்று நினைக்கிறேன். 2023-ல் அவரை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அவர் பெயரை இன்னும் ஆட்கள் அப்படியேதான் சொல்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனேன். புது பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ், ஜன்னல் சீட், காதில் இயர்போன். என்ன பாட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. கண்டக்டர் வந்தார். இயர்போனைக் கழற்றினேன். "எங்க தம்பி?"

சாத்தூர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன்.

"க்... க்..."

முகத்தைப் பார்த்தேன். அதே மனுஷன்! ஜன்னல் வழியாகக் கத்தியவர். அவருக்கும் ஏதோ புரிந்துவிட்டது. டிக்கெட் மெஷினில் விரலை வைத்துக்கொண்டு, "கோவில்பட்டிதானே?" என்றார். உதவி செய்கிறார். எல்லோரும் செய்கிற உதவி, என் வார்த்தையை எனக்கு முன்னால் முடித்துக் கொடுக்கிற உதவி. பக்கத்து சீட்டுக்காரர், முன் சீட்டுப் பாட்டி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருங்கண்ணே," என்றேன். "நானே சொல்லுதேன்."

அவர் சிரிக்கவில்லை. "சொல்லு" என்று சீட்டுக் கம்பியில் சாய்ந்துகொண்டார். மழுங்கிய பேஸ் மட்டும் என் மடியில் கிடந்த இயர்போனிலிருந்து வந்துகொண்டிருந்தது. பஸ் மேம்பாலம் ஏறி இறங்கும் வரைக்கும் ஆனது. ஐந்தாறு தடவை மாட்டியது. அவர் விரல் மெஷினின் மேல் அப்படியே இருந்தது, அமுக்கவில்லை. நான் சொல்லி முடித்த பிறகுதான் அமுக்கினார்.